சுவரில் எதை மாட்டுவது?

கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில், சில காலத்துக்கு முன்னர் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். வீடமைப்புத் திட்டத்தில் கட்டப்பட்ட சிறிய வீடு அது. இரண்டு அறைகள், முன் மண்டபம், சமையலறை, ஒடுங்கிய விறாந்தை. சுவருக்கு வெளிர்நீல நிறம் பூசியிருந்தார்கள். மண்டபத்தில் நுழைந்ததும் எமது கண்ணில் பட்டது சுவரின் பாதியை அடைத்து நின்ற கண்ணாடி அலுமாரி. அதனுள் பிளாஸ்ரிக் பூக்கள், பீங்கான் நாய்க்குட்டிகள் இரண்டு, பெட்டி கூடத் திறக்காத தேநீர்க் கோப்பைகள். அலுமாரியின் பக்கத்தில் ஓர் ஆணி. அந்த ஆணியில் அதன் தவணை அட்டை தொங்கியது.

பேசிக்கொண்டே கிணற்றடிக்குப் போனோம். அங்கே வாழை மரத்தடியில் ஒரு திருகைக்கல் கிடந்தது. மேற்கல்லின் விளிம்பு உடைந்திருந்தது. குழிக்குள் மழைத்தண்ணீர். கோழிகள் அதில் தண்ணீர் குடித்தன.

"உது என்ரை அம்மாவின்ரை கல்லு" என்றார் அந்த வீட்டு அம்மம்மா. 1950களில் யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டக் காணிக்கு வந்தபோது மாட்டுவண்டியில் ஏற்றிவந்த கல்லாம். "2008 இலை வெளிக்கிடேக்கை எல்லாத்தையும் ரக்ரரிலை ஏத்தினம். உதை மட்டும் விட்டிட்டுப் போனம். போன இடத்திலை ஏத்தினது எல்லாம் போச்சு. 2010 இலை திரும்பி வந்து பாத்தா வீடும் இல்லை, கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. உது மட்டும் மண்ணுக்குள்ளை கிடந்தது. தூக்க ஏலாததாலைதான் தப்பினது, பிள்ளை."

"அப்படியென்றால் ஏன் கோழிக்கு விட்டிருக்கிறீர்கள்? விறாந்தையில் வைக்கலாமே?" என்று கேட்டோம். அவரது மகள் சிரித்தார். "உதைக் கொண்டுபோய் முன்னுக்கு வைச்சா வாற சனம் என்ன சொல்லும்?"

அந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

வெறும் சுவர்கள்

எமது மாகாணங்களில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் எழுந்த வீடுகள் ஏராளம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மாத்திரம் 50,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் உரியவை. பயனாளிக்குத் தவணைகளாக 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டு, பெரும்பாலும் வீட்டுக்காரரே நின்று கட்டும் முறையில் அவை கட்டப்பட்டன. காசு போதாமல் நகையை அடகு வைத்தவர்களும், பூச்சு வேலையை அரைகுறையாக விட்டவர்களும் உண்டு. எப்படியோ சுவரும் கூரையும் எழுந்தன.

ஆனால் ஒரு வீட்டுக்குள் முன்னர் இருந்தவை ஒரு திட்டத்திலும் திரும்பி வருவதில்லை. பழைய வீட்டில் பெட்டகம் இருந்தது. தலைவாசல் தூணில் யார் யாரோ சாய்ந்து மினுங்கிய இடம் இருந்தது. மூக்குப்பேணி, குத்துவிளக்கு, அப்புவின் சாய்மனைக் கதிரை, அம்மாவின் கலியாணப்படம் எல்லாம் இருந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது சில மணித்தியாலங்களில் எடுத்துச்செல்ல முடிந்தது மிகச் சொற்பம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி மழையோடு மழையாக வலிகாமம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோதும் அதே கதை. 2004 டிசம்பர் 26 இல் கரையோரத்தில் கடல் வந்தபோது எடுக்கவே நேரமிருக்கவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலைக் கடந்தவர்களின் கையில் ஒரு பை இருந்தாலே பெரிது. அந்தப் பைக்குள் அடையாள அட்டையும் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. படம் வைக்க இடமிருக்கவில்லை.

எனவே புதிய சுவர் வெறுமையாக இருப்பதில் வியப்பில்லை. வெறுமையைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினம். எதையாவது கொண்டுவந்து நிரப்பிவிடவே மனம் சொல்லும். அந்த இடத்தில்தான் தவணை வியாபாரி வாசலுக்கு வருகிறார்.

கடனில் வந்த அழகு

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ரொக்கத்துக்கு 60,000 ரூபா விலையுள்ள ஒரு கண்ணாடி அலுமாரியை மாதம் 3,900 ரூபா வீதம் 24 மாதம் கட்டி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 93,600 ரூபா. மேலதிகமாகக் கொடுத்தது 33,600 ரூபா. அந்தக் காசுக்கு ஒரு கோழிக்கூடு கட்டலாம், அல்லது ஒரு பிள்ளையின் பாடசாலைச் செலவைப் பல மாதங்கள் பார்க்கலாம். தவணை பிந்தினால் அலுமாரியும் போகும், கட்டிய காசும் போகும், அயலில் மானமும் போகும்.

நுண்கடன்களும் தவணைக் கொள்வனவுகளும் எமது பெண்களை எவ்வளவு தூரம் நெருக்கின என்பதை நாம் அறிவோம். 2018 ஆம் ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கடன்கள் எல்லாம் வீட்டு அலங்காரத்துக்குப் பெற்றவை அல்ல. வயிற்றுக்கும் வைத்தியத்துக்கும் பெற்றவையும் அவற்றில் அடங்கும். ஆனாலும் வட்டி கட்டிக்கொண்டிருப்பவரின் வீட்டில் பீங்கான் நாய்க்குட்டி எதற்கு என்ற கேள்வியை நாம் கேட்காமல் விடமுடியாது.

அதே வேளையில் அந்தப் பெண்ணைக் குறைகூறவும் எமக்கு மனமில்லை. நலன்புரி முகாமில் கூடாரத்துக்குள் இருந்தவர் அவர். தகரக் கொட்டிலில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். "எங்களுக்கும் ஒரு வீடு இருக்கு எண்டு நாலு பேர் பாக்கட்டும்" என்று அவர் விரும்புவது நியாயமான ஆசை. அந்த ஆசைக்குக் கடையில் விற்கும் பொருள்தான் வழி என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேறு வழியும் உண்டு என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

எமது கையில் இருப்பவை

வேறு வழி என்ன? வீட்டில் ஏற்கனவே உள்ள, எமது வாழ்வோடு ஒட்டிய பொருட்களைத் தேடி எடுத்து, துடைத்து, காணக்கூடிய இடத்தில் வைப்பதே.

"எங்களிட்டை ஒண்டும் இல்லை" என்றே எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். கொஞ்சம் இருந்து பேசினால் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு வீட்டில் ஓரம் பிய்ந்த சுளகு. இன்னொரு வீட்டில் ஐயா வெற்றிலை வைத்திருந்த கொட்டப்பெட்டி. மன்னாரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில், புத்தளத்தில் இருந்த காலம் முழுவதும் காவித்திரிந்த பெரிய சஹன் தட்டு. உம்மாவின் கலியாணத்தில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிட்டது. கரையோர வீடு ஒன்றில் வலை பின்னும் ஊசி. ஆசிரியராக இருந்த தந்தையின் மூக்குக்கண்ணாடிக் கூடு. முகாமில் தண்ணீர் வரிசைக்கு வைத்த அலுமினிய வாளி ஒன்றைக்கூட ஒரு குடும்பம் வைத்திருக்கிறது. அதை வீசிவிட ஒருவருக்கும் மனம் வரவில்லையாம்.

மலையகத்திலும் இதே நிலைதான். லயன் அறையை விட்டு ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் பழைய கொழுந்துக் கூடையையும் தப்பையும் லயத்திலேயே விட்டுவிடுகின்றன. ஆனால் கம்பளைக்கு அண்மையில் பரதெக்கவில் 2007 இல் திறக்கப்பட்ட தேயிலைத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகத்தில், பழைய லயன் அறைகளுக்குள், இத்தகைய பொருட்களையே சேகரித்து வைத்திருக்கிறார்கள். தொழிலாளியின் பாத்திரமும் கருவியும் காட்சிக்கு உரியவை என்று அங்கே முடிவு செய்திருக்கிறார்கள். அதே முடிவை எமது வீட்டு மண்டபத்தில் நாமும் எடுக்கலாம்.

படங்களே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. எண்பதுகளில் வெளிநாடு போன உறவினருக்கு நாம் கலியாணப் படங்களும் சாமத்தியப் படங்களும் அனுப்பினோம். எம்மிடம் இருந்தவை எரிந்தன. அங்கே போனவை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அல்பங்களுக்குள் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். பட்டணத்தில் ஒரு படக் கடையில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாய் தனது தாயின் முகத்தை 23 ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்வாறுதான் மீண்டும் கண்டார்.

மாலை போடாத படங்கள்

படங்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். எமது வழக்கத்தில் இறந்தவரின் படத்துக்கு மாலை போடுவோம், பொட்டு வைப்போம், முன்னால் விளக்கு எரிப்போம். வீட்டுக்கு வருபவர் அதைப் பார்த்தே விடயத்தை விளங்கிக்கொள்வார். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்துக்கு மாலை கிடையாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடங்கிய தொடர் போராட்டத்தில் தாய்மார் ஏந்தியிருந்த படங்கள் அத்தகையவை. பகலில் கொட்டகைக்குப் போய், இரவில் வீட்டுச் சுவருக்குத் திரும்பிய படங்கள் அவை. சிலவற்றின் ஓரங்கள் கைபட்டே தேய்ந்துவிட்டன.

"மாலை போட்டா நானே அவனைச் செத்தவன் ஆக்கின மாதிரி" என்று ஒரு தாய் எம்மிடம் சொன்னார். அவர் மகனின் படத்தை இறந்துபோன கணவரின் படத்துக்கு அருகில் மாட்டவில்லை. எதிர்ச் சுவரில், பாடசாலை செல்லும் பேரப்பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எந்தச் சுவர் என்பதுகூட அந்த வீட்டில் ஒரு பேச்சு.

எம்மைப் போன்று வீடு வீடாகச் செல்பவர்கள் இதை உணர்ந்து நடக்க வேண்டும். படத்தைக் கண்டதும் "எப்போது இறந்தவர்?" என்று கேட்டுவிடக் கூடாது. "இவர் யார்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்பதே முறை. எல்லாப் பொருளையும் எல்லோரும் வெளியே வைக்க வேண்டும் என்பதும் இல்லை. பார்த்தால் நெஞ்சு அடைக்கும் பொருள் பெட்டிக்குள் இருக்கட்டும். பெட்டிக்குள் வைப்பதும் பேணுவதுதான்.

பேணும் முறைகள்

இனி, செய்முறையாகச் சில விடயங்கள்.

படங்கள்: வெயில் நேரே விழும் சுவரிலும், தகரக் கூரைக்கு மிக அண்மையிலும் படம் மாட்டக் கூடாது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எழுபது, எண்பதுகளின் வர்ணப் படங்கள் விரைவில் மங்கிச் சிவந்துபோகும். ஆகவே முதலில் கைத்தொலைபேசியால் ஒரு பிரதி எடுத்து, அதை இரண்டு மூன்று பேரிடம் அனுப்பி வையுங்கள். சுவரில் பிரதியை மாட்டி, மூலப் படத்தைக் கடித உறையில் இட்டு உள்ளே வைப்பது நல்லது. படமும் கண்ணாடியும் ஒட்டாதபடி இடையில் ஓரமாகத் தடித்த மட்டை வெட்டி வையுங்கள். ஏற்கனவே கண்ணாடியோடு ஒட்டிவிட்ட படத்தை உரிக்க முயல வேண்டாம். உருவம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாகவே பிரதி எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் இரண்டு சிறிய தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோடும். மாரியில் பூஞ்சணம் பிடிப்பதும் கறையான் ஏறுவதும் குறையும்.

பித்தளை, வெண்கலம்: புளியும் சாம்பலும் இட்டு மினுக்குவது பாவனைப் பாத்திரத்துக்குச் சரி. ஆனால் எமது பழைய பாத்திரங்களில் உரியவரின் பெயர் அல்லது முதலெழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். அடிக்கடி தேய்த்தால் அந்த எழுத்து அழிந்துவிடும். வைத்துப் பார்க்கும் பொருளை மென்மையான துணியால் துடைத்தாலே போதும். புளி இட்டால் நன்றாகக் கழுவி ஈரம் இல்லாமல் துடைத்து வையுங்கள். பழைய இரும்பு வாங்க வரும் லொறிக்காரர் நிறுத்துப் பார்த்து விலை சொல்வார். பெயர் வெட்டிய செம்புக்கு நிறை பார்த்து விலை சொல்ல முடியாது என்பதை வீட்டார் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஓலைப் பொருட்கள்: முன்னர் சுளகும் பெட்டியும் அடுப்புக்கு மேலே பரணில் கிடந்தன. புகை பட்டதால் பூச்சி அண்டவில்லை. இன்று பலர் எரிவாயு அடுப்புக்கு மாறிவிட்டதால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே மாதம் ஒருமுறை இறக்கி, தட்டி, சிறிது நேரம் வெயில் காட்டி மீண்டும் மாட்டுங்கள். உக்கிப்போயிருந்தால் அதே மாதிரியில் புதிது இழைப்பித்து வைப்பதிலும் தவறில்லை. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை உருவான பின்னர் ஓலை வேலையில் பயிற்சி பெற்ற பெண்கள் பல கிராமங்களில் இருக்கிறார்கள். பீங்கான் பொம்மைக்குக் கொடுக்கும் காசை அயலில் உள்ள ஒரு பெண்ணின் கைக்குக் கொடுக்கலாமே.

ஏடுகளும் பத்திரங்களும்: வீட்டில் ஓலைச்சுவடி இருந்தால் அலங்காரமாகத் தொங்கவிட வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளின் வழியாக அவற்றைப் படமெடுத்துப் பாதுகாக்கலாம். ஏடு உங்களுடையதாகவே இருக்கும். உள்ளடக்கம் எல்லோருக்கும் கிடைக்கும். 1981 ஜூன் மாத முதல் இரவின் யாழ்ப்பாண நூலக எரிப்போடு ஒற்றைப் பிரதிகளாக இருந்தவை எவ்வாறு இல்லாமற் போயின என்பதை நாம் மறப்பதற்கில்லை. காணி உறுதியையும் சான்றிதழ்களையும் ஒருபோதும் சட்டமிட்டு மாட்டக் கூடாது. அவை எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய பையில்தான் இருக்க வேண்டும்.

மாட்டும் விதம்: சீமெந்துக் கல் சுவரில் கண்டபடி ஆணி அடித்தால் பூச்சு வெடிக்கும். சுவரின் மேற்பகுதியில் நீளமாக ஒரு மரச்சட்டத்தைத் துளையிட்டுப் பூட்டிவிட்டால் போதும். அதில் கொழுக்கி மாட்டி எத்தனை படத்தையும் தொங்கவிடலாம், வேண்டியபோது இடமும் மாற்றலாம். எல்லாவற்றையும் ஒன்றாக நெருக்கிவிடாதீர்கள். ஐந்து பொருள் இருந்தால் இரண்டை வைத்து மூன்றை உள்ளே வையுங்கள். வருடப்பிறப்புக்கோ தைப்பொங்கலுக்கோ வீடு துடைக்கும்போது மாற்றி வைக்கலாம். தூசி தட்டும் வேலையும் அளவாக இருக்கும். அந்த வேலை வீட்டில் யாருடைய தலையில் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வரி

பொருளைக் காட்டிலும் விரைவாக அழிவது அதன் கதை. அம்மம்மா இருக்கும்வரை அது பூட்டியின் திருகைக்கல். அவர் போன பின்னர் அது உடைந்த ஒரு கல். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று வரி எழுதி வைக்க வேண்டும்: யாருடையது, எங்கிருந்து வந்தது, எப்படித் தப்பியது. படத்தின் பின்புறத்தில் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம். முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் எழுதலாம், அல்லது தனித் தாளில் எழுதி உறைக்குள் வைக்கலாம்.

இதைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதே சிறந்தது. அவர்கள் கேட்டு எழுதும்போது முதியவர்கள் எமக்குச் சொல்லாததையும் சொல்கிறார்கள். மாதர் சங்கங்களும் முன்பள்ளி ஆசிரியர்களும் ஆண்டில் ஒரு நாள், வீட்டுக்கு ஒரு பொருளாகக் கொண்டுவரச் செய்து, பொது மண்டபத்தில் வைத்து, கதை சொல்லச் செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை. தேநீர் மட்டுமே.

மீண்டும் அந்த வீடு

சில மாதங்களின் பின்னர் அதே வீட்டுக்கு மறுபடியும் போக நேர்ந்தது. கண்ணாடி அலுமாரி அதே இடத்தில் நின்றது. தவணை அட்டை அதே ஆணியில் தொங்கியது. இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டுமாம். அதை நாம் எழுதித் தீர்த்துவிட முடியாது.

ஆனால் விறாந்தையின் மூலையில், செங்கல் அடுக்கிச் சீமெந்து பூசிய சிறு மேடையில் திருகைக்கல் இருந்தது. அம்மம்மா பக்கத்தில் அமர்ந்து வறுத்த பயறு உடைத்துக்கொண்டிருந்தார். "சும்மா பாக்க வைக்கிறதெண்டா வேண்டாம் எண்டிட்டன்; கல்லெண்டா அரைக்கத்தானே வேணும்" என்றார். மகள் எமக்குக் கதிரை எடுத்துப் போட்டபடி, "பக்கத்து வீட்டுக்காரரும் இப்ப தங்கடை உரலைத் தேடீனம்" என்றார்.

கல்லுக்கு மேலே சுவரில், எட்டாம் வகுப்பில் படிக்கும் மூத்த பேத்தி கொப்பித் தாளில் எழுதி ஒட்டியிருந்தாள்: "இது எங்கள் பூட்டியின் திருகைக்கல். யாழ்ப்பாணத்தில் இருந்து மாட்டுவண்டியில் வந்தது. பாரமாக இருந்ததால் எங்களுக்காக இங்கேயே இருந்தது."

உங்கள் கிணற்றடியில் என்ன கிடக்கிறது? இன்று மாலை வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்டுப் பாருங்கள். கையில் ஒரு பென்சிலும் தாளும் இருக்கட்டும்.